உயிரோடிருப்பவளுக்கு ஒரு கட்டு விறகு

ஹட்டனில் பேனர் அடிக்கும் கடையில் வேலை செய்பவளுக்கு மனிதர்கள் மேல் மரியாதை வருவது கஷ்டம். பூப்புனித நீராட்டு விழா என்றால் பிள்ளையின் முகத்தை வெள்ளையாக்கு என்பார்கள். அரசியல்வாதியின் பிறந்தநாள் என்றால் அவர் தலையில் இல்லாத முடியை வை என்பார்கள். எல்லோரையும்விட மோசம் கண்ணீர் அஞ்சலிக்கு வருகிறவர்கள். அப்பனை உயிரோடு இருந்தவரை லயத்து வரிசை வீட்டுக்கு வெளியே, இஸ்தோப்புத் திண்ணைக் குளிரில் படுக்கவைத்த மகன், பேனரில் "எங்கள் குலதெய்வமே" என்று போடச் சொல்லிவிட்டு, எழுத்து இன்னும் பெரிதாக வேண்டும் என்று என் நாற்காலிக்குப் பின்னால் நின்று நச்சரிப்பான். நானும் பெரிதாக்கிக் கொடுப்பேன். என் தொழில் அது.

ஆகவே சமாதானம், சமூக நீதி, ஒற்றுமை என்ற சொற்களோடு யாராவது கடைக்குள் வந்தால், முதலில் எத்தனை அடி நீளம் என்றுதான் கேட்பேன். அந்த வழக்கம் எனக்குச் சரியாகவே இருந்தது. என் அண்ணியின் விஷயத்தில்தான் அது போதவில்லை.

நோர்வூட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அண்ணி கொழுந்து எடுக்கிறாள். அண்ணனுக்குக் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. தீபாவளிக்கு வருவான், திருவிழாவுக்கு வருவான், இரண்டு நாளில் திரும்பிவிடுவான். அண்ணியும் அவளுடைய சின்ன மகளும் நானும் லயத்தில் ஒரே காம்பராவில், அதாவது ஒரே அறையில், இருக்கிறோம். வீட்டில் ஒருவராவது தோட்டத்து வேலையில் இருந்தால்தான் காம்பரா நமக்கு என்பது எங்கள் தோட்டத்து வழக்கம். எங்கள் வீட்டில் அந்த ஒருவர் அண்ணி.

காட்டோரத்து மலையில், அதாவது காட்டை ஒட்டிய தேயிலைத் துண்டில், ஒரு பெரிய மரத்தில் குளவிக்கூடு தொங்கியது. தோட்டத்தில் அதை அறியாதவர் இல்லை. ஒருநாள் காற்றில் கிளை ஆடி, குளவி கிளம்பி, அண்ணிக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்த ஒரு அக்காவைக் கொட்டிவிட்டது. முகம் பூசணிக்காயாக வீங்கி அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலையில் வேலை பிரிக்கிற கண்டாக்கு ஐயா அதே பெண்களை அதே மலைக்கு அனுப்பினார். அண்ணி கூடையை இறக்கி வைத்துவிட்டு மலைப்பாதையில் உட்கார்ந்துகொண்டாள்.

"குளவிக் கூட்ட எடுங்க, ஏறுறேன். எடுக்காம ஏற மாட்டேன்" என்றாள்.

மற்றப் பெண்களும் உட்கார்ந்தார்கள். கண்டாக்கு ஐயா சத்தம் போடவில்லை. ஒவ்வொருத்தியாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார், அவ்வளவுதான். முதலில் ஒருத்தி இடுப்பில் கட்டிய படங்கைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தாள். அப்புறம் கூட்டத்தோடு கோவிந்தா. அண்ணி மட்டும் பாதையில் இருந்தாள்.

அடுத்த நாள் பெரட்டுக்களத்தில், அதுதான் காலையில் எல்லோரையும் நிறுத்திப் பேர் வாசிக்கிற இடம், அண்ணியின் பேரை வாசிக்கவில்லை. கேட்டதற்கு, வேலைக்கு மறுத்ததாகப் புகார் இருக்கிறது, திங்கட்கிழமை ஆபீசில் விசாரணை என்றார்கள். நேரில் பார்த்தவர்கள் யாராவது வந்து, கூடு இருந்தது, அதனால்தான் ஏறவில்லை என்று சொல்ல வேண்டும். சாட்சி இல்லாவிட்டால் பேர் போனது போனதுதான். பேர் போனால் காம்பராவும் போகும்.

அந்த வாரம் எங்களுக்குக் கிடைத்த ஆதரவைச் சொல்லி மாளாது. தோட்டத்தில் தொழிற்சங்கத்தைப் பார்த்துக்கொள்ளும் தலைவர் வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டு, "மேலிடத்துல பேசிக்கிட்டிருக்கோம்மா, அவசரப்படாதீங்க" என்றார். திங்கட்கிழமை கூட வருவீர்களா என்று கேட்டேன். "நான் வந்தா அது சங்கப் பிரச்சினையா ஆயிரும்மா" என்றார். சங்கப் பிரச்சினை ஆகக்கூடாதென்றால் சங்கம் எதற்கு என்று நான் கேட்பதற்குள் செருப்பை மாட்டிவிட்டார். கழுவுற மீனில் நழுவுற மீன் அந்த ஆள். என்னோடு படித்து இப்போது டவுனில் இருப்பவர்கள் பேஸ்புக்கில் தங்கள் முகத்தை எடுத்துவிட்டுக் கொழுந்து படம் வைத்தார்கள். ஒருத்தி அழுகிற முகம் ஒன்றை எனக்கு அனுப்பினாள். அது வந்து சேர்ந்த கையோடு, அவள் பிள்ளையின் பிறந்தநாள் பேனர் எப்போது கிடைக்கும் என்ற கேள்வியும் வந்தது.

அண்ணியோடு ஒரே சம்பலில் ரொட்டியைத் தொட்டுத் தின்னும் பெண்களிடம் நானே வீடு வீடாகப் போனேன். ஒருத்திக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல். ஒருத்திக்கு மாமியார் விடமாட்டாள். ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசு பூரா அவகிட்டதான் இருக்கு தங்கச்சி" என்றாள். மனசு அங்கே இருந்து என்ன பிரயோசனம், திங்கட்கிழமை வாய் வேண்டும் என்றேன். அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். எனக்கு அவர்கள் மேல் வந்தது கோபம்கூட இல்லை, அருவருப்பு.

அப்போதுதான் கொழும்பிலிருந்து அந்தக் குழு வந்தது. சமாதானத்துக்கும் சமூக நீதிக்கும் பாடுபடும் இளைஞர்கள் என்று சொன்னார்கள். கைத்தறிச் சட்டையும் பொறுமையான குரலுமாக ஒரு தம்பி அவர்களுக்குத் தலைமை. குரலற்றவர்களின் குரலாக இருப்போம் என்றான். அண்ணி தண்ணீர்ப் பீலியில் துணி துவைத்துக்கொண்டு பேசினால் கீழ் லயம் வரைக்கும் கேட்கும். அதை அவனிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை ஆபீசுக்கு வருவீர்களா என்று மட்டும் கேட்டேன். தோட்ட நிர்வாகத்தோடு நேரடியாக மோதுவது தங்கள் வழி அல்ல என்றான். சனிக்கிழமை மாலை தோட்டத்துச் சந்தியில் மெழுகுவர்த்தி ஏற்றி அமைதியாக நிற்கப்போகிறார்களாம். அதற்கு ஒரு பேனர் வேண்டுமாம்.

வடிவமைப்பை அவனே போனில் கொண்டுவந்தான். கறுப்புப் பின்னணி. நடுவில் அண்ணியின் முகம், அதுவும் கறுப்பு வெள்ளையில். சுற்றிலும் வெள்ளைப் பூ. கீழே ஒரு சுடர். "நீ ஏற்றிய ஒளி அணையாது" என்று ஒரு வரி.

"தம்பி, இதப் பாத்தா செத்த வீட்டு பேனர் மாதிரி இருக்குங்க" என்றேன்.

"இல்லக்கா, கறுப்புங்கிறது எதிர்ப்போட நிறம். வெள்ளை சமாதானம்."

"எங்க பக்கத்துல ரெண்டும் ஒண்ணாச் சேந்தா ஒரே அர்த்தந்தான்."

அவன் சிரித்தான். மக்களைக் குறைத்து மதிப்பிடாதீங்கக்கா என்றான். நான் அண்ணிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "என்னமோ பண்ணட்டும். நாலு ஆளு வந்தா சரி" என்றாள். அச்சடித்துக் கொடுத்தேன். நல்ல கனமான பேனர்.

சனிக்கிழமை மாலை அவர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். எல்லோருக்கும் வெள்ளை டீ சட்டை. சந்தியில் இரண்டு மரத்துக்கு நடுவே அண்ணியைக் கட்டினார்கள். மெழுகுவர்த்தியைக் காகிதக் கோப்பைக்குள் நிறுத்தினார்கள். எங்கள் பக்கத்துக் காற்று காகிதக் கோப்பைக்கு அடங்கும் காற்றா? ஏற்ற ஏற்ற அணைந்தது. கடைசியில் போன் வெளிச்சத்தைக் கோப்பைக்குள் பிடித்துப் படம் எடுத்தார்கள். ஒரு பெண் பிள்ளை உண்மையாகவே அழுதாள், அதை நான் பொய் என்று சொல்லமாட்டேன். பனி இறங்கத் தொடங்கியதும் பாதை மோசம் என்று வேனில் ஏறிவிட்டார்கள். பேனரை அவிழ்க்கவில்லை. அதற்குக் கீழே மெழுகுவர்த்தித் துண்டுகள் வரிசையாகக் கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமை பொகவந்தலாவையிலிருந்து ஹட்டனுக்குப் போன முதல் பஸ் அந்தச் சந்தியைக் கடந்தது. பஸ்ஸில் போகிறவன் எழுத்தைப் படிப்பதில்லை. முகத்தைப் பார்ப்பான், பூவைப் பார்ப்பான், சுடரைப் பார்ப்பான், அடுத்த நிமிஷம் சொந்தக்காரனுக்குப் போன் போடுவான்.

அண்ணி பீலியிலிருந்து ஈரத் துணியோடு வந்துகொண்டிருந்தாள். நான் அவள் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். பாதை வளைவில் ஒப்பாரி கேட்டது. சிவனொளிபாத மலை அடிவாரத்து நல்லதண்ணியில் யாத்திரை சீசனுக்குக் கடை போட்டிருக்கும் அண்ணியின் அத்தை, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, நெஞ்சில் அடித்தபடி ஏறி வந்தாள். இஸ்தோப்புக்கு வந்து நிமிர்ந்து பார்த்தாள். வாளியோடு அண்ணி நிற்கிறாள். ஒப்பாரி பாதி வரியில் நின்றது.

"ஏன்டி, நீ சாகலியா?" என்றாள் அத்தை. சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் அந்தக் குரலில் இருந்தது. பின்னே, யாத்திரைக்காரர்கள் குவிகிற ஞாயிற்றுக்கிழமை. கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கிறாள்.

பிறகு வந்தார்கள் பாருங்கள். மேல் லயம், கீழ் லயம், பக்கத்துத் தோட்டம் என்று ஊரே வந்தது. ஆண்கள் விறகைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். பெண்கள் சேலை முந்தானைக்குள் அரிசியும் சீனியும் தேயிலைத் தூளும் கொண்டுவந்தார்கள். எங்கள் தோட்டத்தில் உருப்படியாக நடக்கும் ஒரே சங்கம் மரண உதவிச் சங்கம். அவர்கள் நாற்காலியையும் படங்குக் கூடாரத்தையும் தேத்தண்ணி போடும் பெரிய கேத்தலையும் சுமந்துகொண்டு வந்துவிட்டார்கள். ஒருவர் பெட்டிக்குச் சொல்லி வைத்துவிட்டேன் என்றார். தோட்டத்து எல்லையில் கடை வைத்திருக்கும் சிங்கள முதலாளி வெள்ளைச் சட்டை போட்டு, ஒரு பை சீனியோடு வந்து, அண்ணியைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டார். "அநே நங்கி, ஐயோ தங்கச்சி, ஆள் இருக்குதானே" என்றார். அழுதுவிட்டார் மனிதர்.

எனக்குக் கண்ணில் பட்டது வேறு. காய்ச்சல்காரப் பிள்ளையின் தாய் வந்திருந்தாள். மாமியார் விடமாட்டாள் என்றவள் மாமியாரோடு வந்திருந்தாள். மனசு பூராவையும் இங்கே விட்டுவைத்திருந்தவள், இன்றைக்கு உடம்பையும் கொண்டுவந்திருந்தாள். தொழிற்சங்கத் தலைவர்கூட வெள்ளை வேட்டியில் நின்றார். வாரம் முழுக்கக் கெஞ்சியபோது கிடைக்காத ஊர், பிணம் என்றதும் வாசலில் நிற்கிறது. உயிரோடு இருக்கையில் ஒரு வாய் தண்ணீர் தராதவன் செத்த பிறகு பால் ஊற்ற வருவான். என் தொழிலில் தினம் பார்க்கிற கூத்துதான். ஆனால் சொந்த வாசலில் பார்த்தபோது எனக்குக் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

விஷயம் விளங்கியதும் எல்லோரும் நெளிந்தார்கள். மரண உதவிச் சங்கத்து ஆள் கேத்தலைத் தூக்கி, "அப்ப நாங்க கொண்டுபோயிர்றோம்" என்றார்.

அத்தை விடவில்லை. "சாவு வீட்டுக்குன்னு தூக்குன சாமான். திருப்பி எடுத்துக்கிட்டுப் போனா, பின்னாலேயே உன் வாசலுக்கு வரும், பரவாயில்லையா?"

கேத்தல் கீழே இறங்கியது. அதுதான் எங்கள் ஆட்களுக்கு உள்ள பயம். நிர்வாகம், சங்கம், சாமி, எல்லாவற்றுக்கும் மேலே அது. ஒரு கட்டு விறகுகூடத் திரும்பிப் போகவில்லை. கொண்டுவந்ததை இங்கேயே எரிக்க வேண்டும், இங்கேயே பொங்கித் தின்ன வேண்டும். வேறு வழியில்லாமல் அடுப்பு மூட்டினார்கள். நாற்காலியை விரித்தார்கள். எங்கள் பிள்ளையை யாரோ தூக்கிக்கொண்டுபோய்ச் சோறு ஊட்டினார்கள். அந்த வாரம் முழுக்க எங்களுக்குத் தேவைப்பட்ட அத்தனையும் யாரும் சொல்லாமலே நடந்தது. செய்யத் தெரியாதவர்கள் இல்லை பாருங்கள். எல்லாம் தெரிந்தவர்கள்.

சாப்பிட்டு முடித்து, யாரும் யாரையும் பார்க்காமல் எழுந்திருக்கப் பார்த்த நேரத்தில் அண்ணி வாசலுக்கு வந்தாள்.

"வந்தது வந்துட்டீங்க. நாளைக்கு ஆபீசுக்கும் வாங்க" என்றாள்.

"நாளைக்கு வேலை நாளாச்சே" என்றது ஒரு குரல்.

"நான் நெசமா செத்திருந்தா எப்ப அடக்கம்?"

அத்தைதான் சொன்னாள், "நாளைக்கு."

"அடக்கத்தன்னிக்கு நீங்க வேலைக்குப் போவீங்களா?"

எங்கள் டிவிசனில் சாவு விழுந்தால் அடக்கம் முடியும்வரை ஒருவரும் மலை ஏறமாட்டார்கள். தோட்டத்து மேனேஜர் துரையே வந்து நின்றாலும் ஏறமாட்டார்கள். அது எழுதி வைத்த சட்டம் அல்ல, எழுதி வைத்த எந்தச் சட்டத்தையும்விட ஒழுங்காக நடக்கும். அங்கே இருந்த அத்தனை பேரும் பஸ்ஸில் சேதி வந்த நிமிஷமே திங்கட்கிழமை வேலையை மனதில் விட்டுவிட்டுத்தான் கிளம்பியிருந்தார்கள்.

"எனக்காக விட்ட நாளுதானே. குழிக்குப் பதிலா ஆபீசுக்கு வாங்க" என்றாள் அண்ணி. அவள் யாரிடமும் கெஞ்சி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை காலையில் பெரட்டுக்களத்தில் ஒருவரும் கூடையைத் தொடவில்லை. சாவுக்கு உடுத்த வெள்ளைச் சேலையோடு பெண்கள் ஆபீஸ் முற்றத்துக்கு நடந்தார்கள். மரண உதவிச் சங்கத்துக்காரர்கள் நாற்காலியைக் கொண்டுபோய் அங்கே விரித்தார்கள். துரை ஜீப்பில் வந்து இறங்கி, யார் செத்தது என்று ஆபீஸ் கிளாக்கரிடம் கேட்டார். யாரும் சாகவில்லை என்று கிளாக்கர் சொன்னார். அப்புறம் துரைக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. அடங்காத வீக்கத்தோடு, ஒரு கண் இன்னும் சரியாகத் திறக்காத அந்தக் கொட்டுப்பட்ட அக்கா முதலில் உள்ளே போனாள். அவள் பின்னால் அன்றைக்குப் பாதையில் உட்கார்ந்து எழுந்த பெண்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். விசாரணையைச் சிங்களத்தில் எழுதினார்கள். சிங்கள முதலாளி கடையைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, எழுதியதை வரி வரியாகத் தமிழில் சொன்ன பிறகுதான் அண்ணி கையெழுத்து வைத்தாள். செவ்வாய்க்கிழமை பெரட்டில் அவள் பேரை வாசித்தார்கள். அந்த வாரத்துக்குள் கூட்டையும் எடுத்தார்கள்.

இதைக் கேட்டு யாரும் கண்ணைத் துடைக்க வேண்டாம். அவர்கள் அண்ணிக்காக வரவில்லை. அரிசியைத் திருப்பிக் கொண்டுபோகப் பயந்து வந்தார்கள். அடுத்த கூடு தொங்கும்போது மறுபடியும் ஒவ்வொருத்தியாகப் படங்கைத் தட்டிக்கொண்டு எழுந்திருப்பார்கள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். கொழும்புக் குழு தன் பங்குக்கு மெழுகுவர்த்திப் படத்தைப் போட்டு, ஒளி வென்றது என்று எழுதியது. ஆயிரம் பேர் அதற்கு இதயம் போட்டார்கள்.

பிறகு நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் பயிற்சிப் பட்டறை என்று என்னையும் கூப்பிட்டார்கள். சமூக நீதிக்குச் சாதாரண மக்கள் எப்படி ஆதரவு தரலாம் என்பது தலைப்பு. ஆளுக்கு ஒரு வர்ண அட்டையும் பேனாவும் கொடுத்தார்கள். மற்றவர்கள் விழிப்புணர்வு, உரையாடல், கருணை என்று எழுதினார்கள். நான் விறகு என்று எழுதினேன். அந்தக் கைத்தறித் தம்பி அதை வாங்கி வாசித்துவிட்டு, "ரொம்ப அழகான உருவகம்க்கா" என்றான்.

"உருவகம் இல்ல தம்பி. அடுப்புல வைக்கிறது" என்றேன். அட்டையை 'ஏனையவை' என்ற தலைப்புக்குக் கீழே ஒட்டினான். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது.

போன மாதம் வேறொரு தோட்டத்திலிருந்து இரண்டு பெண்கள் கடைக்கு வந்தார்கள். அங்கே ஒருத்தி, மழையில் ஒதுங்க மலையில் ஒரு கூரை கேட்டாளாம். அவள் பேரையும் நிறுத்திவிட்டார்களாம். விசாரணை வருகிறதாம். போனில் அவள் படத்தைக் காட்டினார்கள். "அக்கா, ஒங்க அண்ணிக்கு அடிச்ச மாதிரியே எங்களுக்கும் ஒரு பேனர் அடிச்சுக் குடுங்க. கறுப்புல, பூ வச்சு."

நல்ல வியாபாரம்தான். நான் கணினியை அணைத்துவிட்டேன். "அவ உசுரோட இருக்கறப்பவே போங்க. அரிசியோட போங்க. போயிட்டுத் திரும்பி வராதீங்க, விசாரணை முடியிற வரைக்கும் அங்கேயே இருங்க" என்றேன். அவர்கள் முகம் விழுந்துவிட்டது. பேனர் அடித்துத் தந்திருந்தால் மகிழ்ச்சியாகப் போயிருப்பார்கள். நாங்க ரெண்டு பேர் போயி என்ன ஆவப்போவுது என்றாள் ஒருத்தி.

விசாரணைக்கு முதல் நாள் நான் ஒரு பையில் அரிசியும் சீனியும் தேயிலைத் தூளும் கட்டிக்கொண்டு அந்தத் தோட்டத்து பஸ்ஸில் ஏறினேன். அண்ணி பக்கத்தில் ஒரு கட்டு விறகோடு உட்கார்ந்திருந்தாள். கொண்டக்டர் விறகைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"சாவு வீட்டுக்காக்கா?"

"இல்லப்பா. அவ நல்லாத்தான் இருக்கா" என்றாள் அண்ணி. அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விறகைக் காலால் ஒதுக்கிவிட்டு அடுத்த ஆளிடம் போனான்.